ஆணை ஒருவருடையது, அடி மற்றொருவருக்கு!

‘முகக்கவசம் அணியாதவர்களுக்குப் பொருள் வழங்கப்படமாட்டாது.’

2020 ஆம் ஆண்டில் தொடங்கி ஏறத்தாழ ஈராண்டு காலம், உலகின் கடைவாயில்களில் பலப்பல மொழிகளில் தொங்கிய வாசகம் இது. சென்னைத் தியாகராயநகரிலும் தொங்கிற்று; இலண்டன் மாநகரிலும் தொங்கிற்று; அமெரிக்க நாட்டின் பேரங்காடிகளிலும் தொங்கிற்று. இன்று அந்த அட்டைகள் கிழிந்துபோயின. கொரோனா நெருக்கடி நிலை முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 ஆம் நாள் அறிவித்த பிறகு அவற்றை நினைப்பாரும் இல்லை. கவசத்தைக் கழற்றிவிட்டோம், அதனோடு அந்த நாட்கள் புகட்டிய பாடத்தையும் கழற்றி எறிந்துவிட்டோமோ என்ற ஐயமே இதனை எழுதத் தூண்டுகிறது.

அந்த வாசகத்தைச் சற்றே கூர்ந்து நோக்குங்கள், தோழர்களே! ‘வழங்கப்படமாட்டாது’ என்கிறது. யாரால் வழங்கப்படமாட்டாது? கருத்தாவை மறைத்துவைத்த வாக்கியம் அது! ஆணை பிறப்பித்த அமைச்சரவையின் பெயர் அதில் இல்லை. அட்டையை அச்சடித்து மாட்டச் செய்த முதலாளியின் பெயரும் இல்லை. ஆனால், வெற்று முகத்தோடு வந்து நின்ற வாடிக்கையாளர், ‘ஏன் தரமாட்டாய்?’ என்று குரல் உயர்த்தியபோது, மறுமொழி கூற ஒருவர் அங்கே இருந்தார். மாதக் கூலிக்கு நிற்கும் கடைச் சிப்பந்தி! தலைநகரத்திலே எழுதப்பட்ட ஆணைக்கு, கல்லாப்பெட்டியின் அருகே நின்ற எளியவர் கருத்தா ஆக்கப்பட்டார்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று கேட்டனர் நம் முன்னோர். கொள்ளைநோய்க் காலத்துக் கடைகளில் நடந்ததும் அதுவே. எய்தவர் எட்டாத உயரத்தில் இருந்தார். அம்பு கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. வாடிக்கையாளரின் சினம் அம்பின்மீது பாய்ந்தது. சில இடங்களில் சொல்லோடு நின்றது. சில இடங்களில் கைகலப்பாயிற்று. சில இடங்களில் உயிரையே குடித்தது. மக்கள் நலனுக்காக அரசு இயற்றும் விதியைக் காக்கும் பொறுப்பை, குறைந்த கூலிக்கு நிற்கும் உழைப்பாளியின் தோளில் இறக்கிவைக்கலாமா? இறக்கிவைத்தால் விதியும் கெடும், உழைப்பாளியும் கெடுவார் என்பதே நாம் எடுத்துக்காட்ட விரும்புவது.

முதலில் ஓர் ஐயத்தை அகற்றிவிடுவோம். முகக்கவசத்தைப் பழிப்பது நம் நோக்கம் அன்று. அந்தச் சிறு துணிக்கு நூறாண்டைக் கடந்த வரலாறு உண்டு. 1910 ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவில் நுரையீரலைத் தாக்கும் பிளேக் பரவியது. அதனை ஒடுக்க அனுப்பப்பட்டவர் வூ லியென் தே என்னும் மருத்துவர். 1879 இல் பினாங்கில் பிறந்தவர். இந்நோய் மனிதர் மூச்சின் வழியே மனிதரைத் தொற்றுகிறது என்று கண்டறிந்து, சல்லாத் துணியையும் பஞ்சையும் அடுக்கிக் கவசம் செய்து அணியச் சொன்னார் அவர். அப்போது அங்கு வந்த மெனி என்ற பிரெஞ்சு மருத்துவர், வயதிலும் பதவியிலும் மூத்தவர், அந்த இளைஞரின் கூற்றை ஏற்க மறுத்தார். கவசமின்றியே நோயாளிகளைப் பார்வையிட்டார். 1911 ஜனவரியில் அதே நோய்க்கு இரையானார். ஏறத்தாழ 60,000 உயிர்களைக் கொண்டுசென்ற அந்தக் கொள்ளைநோய் ஒடுங்குவதற்குள் கவசத்தின் தேவையை நாடு உணர்ந்தது. கவசம் அணிய மறுத்த முதல் மனிதர்களுள் ஒருவர் ஏழையும் அல்லர், எழுத்தறியாதவரும் அல்லர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் காலத்துச் சான்று ஒன்றும் காண்போம். 2020 மே மாதம், அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் ஊரில் ஒரு முடிதிருத்தகம். அங்குப் பணியாற்றிய இருவருக்குக் கொரோனா கண்டிருந்தது. நோய்க்குறி தோன்றிய பின்னும் சில நாட்கள் வேலை செய்தனர். அந்நாட்களில் அவர்களிடம் வந்து சென்றோர் 139 பேர். கத்தரிக்கோலுக்கும் தலைக்கும் எவ்வளவு தூரம் என்பதை நாம் அறிவோம்! அவர்களில் 67 பேர் சோதனைக்கு உடன்பட்டனர். ஒருவரிடமும் தொற்று காணப்படவில்லை. மற்றவர்களிடமும் நோய்க்குறி தென்படவில்லை. காரணம் தேடிய சுகாதாரத் துறையினர் கண்டது ஒன்றுதான்: நகர விதியின்படியும் கடை விதியின்படியும் இரு தரப்பாரும் முகம் மூடியிருந்தனர். ஒரு கடையைக் கொண்டு உலகை அளந்துவிட முடியாது. ஆயினும் இரு தரப்பாரும் விதியை மதித்த ஒரு கடையில் என்ன நடந்தது என்பதற்கு இது நல்ல சாட்சி.

இதில் அடங்கிய நியாயம் ஒன்று உண்டு. வாடிக்கையாளர் ஒரு கடையில் நிற்பது பத்து நிமிடம். மிஞ்சினால் அரைமணி நேரம். சிப்பந்தி நிற்பதோ காலை முதல் இரவு வரை. வாடிக்கையாளர் ஒரு சிப்பந்தியின் மூச்சைச் சந்திக்கிறார். சிப்பந்தியோ, வந்துபோவோர் அத்தனை பேரின் மூச்சையும் சந்திக்கிறார். சாதாரணத் துணிக் கவசம், அணிந்தவரிடமிருந்து வெளிவரும் நீர்த்துளிகளைத் தடுப்பதில்தான் வல்லது. அப்படியானால், வாங்க வந்தவர் அணியும் கவசம் முதன்மையாக யாரைக் காக்கிறது? விற்க நிற்பவரை! ‘என் முகம், என் உரிமை’ என்று முழங்கியவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. அவருக்குப் பிடிக்காவிட்டால் கடையை விட்டுப் போகலாம். கடைக்குள் நிற்பவர் எங்கே போவார்? போனால் அன்றையக் கூலி போயிற்றே!

ஆகவே, விதி நல்ல விதி. அதனை நடத்திய முறைதான் பழுது. இந்தப் பழுது புதியதும் அன்று.

நூறாண்டுகளுக்கு முன்பு உலகை உலுக்கிய இன்ஃபுளூயன்சாக் காய்ச்சலின்போது, 1918 அக்டோபரில், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரம் முகக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. முதலில் ஆணை வந்தது யாருக்கு? முடிதிருத்துவோருக்கும், கடைச் சிப்பந்திகளுக்கும், வங்கிக் கணக்கர்களுக்கும், மருந்துக் கடையினருக்கும்! பொதுமக்களுக்குப் பணிசெய்வோர் முகம் மூடவேண்டும் என்று தொடங்கி, பிறகே ஊரார் அனைவருக்கும் அது விரிந்தது. மீறினால் 5 டாலர் முதல் 100 டாலர் வரை தண்டம்; அல்லது பத்து நாள் சிறை.

நடந்தது என்ன? நகரின் நடுவே ஒரு மருந்துக்கடையின் முன்னால், கவசம் அணிய மறுத்த ஒருவரைச் சுகாதாரத் துறையின் காவல் அலுவலர் துப்பாக்கியால் சுட்டார். வழியே சென்றவர்களும் காயமுற்றனர். துணி அணியாத குற்றத்துக்குத் துப்பாக்கிக் குண்டு! மற்றொரு பக்கம், நகர முதல்வர் ரால்ஃப் குத்துச்சண்டைப் போட்டி ஒன்றில் கவசமின்றி வீற்றிருந்து புகைப்படத்தில் சிக்கினார். 50 டாலர் தண்டத்தோடு அது முடிந்தது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது சான் பிரான்சிஸ்கோவுக்கும் பொருந்தும் பழமொழிதான் போலும்!

நவம்பர் 21 ஆம் நாள் நண்பகலில் கட்டாயம் நீங்கியது. காய்ச்சல் மீண்டும் தலைதூக்கவே, 1919 ஜனவரி 17 இல் மறுபடியும் ஆணை வந்தது. இம்முறை மக்களின் பொறுமை தீர்ந்திருந்தது. ‘முகக்கவச எதிர்ப்புக் கழகம்’ என்ற பெயரில் ஒரு சங்கமே தோன்றி, ஜனவரி 25 இல் ஆயிரக்கணக்கானோரைத் திரட்டிக் கூட்டம் நடத்தியது. பிப்ரவரி முதல் நாள் ஆணை விலக்கப்பட்டது. அக்காலத்துச் சல்லாத் துணி போதிய தடுப்பைத் தரவில்லை என்பதும் உண்மை. ஆனால், எதிர்ப்புக்குக் காரணம் துணியின் தரம் மட்டுமன்று. ஆள்வோரே அணியாத ஒன்றை ஆளப்படுவோர்மீது திணித்ததும் அதற்குத் தீனி போட்டது.

நூறாண்டு கழித்து, 2020 இல், அதே நாட்டில் அதே நாடகம் மீண்டும் அரங்கேறியது. பிப்ரவரி இறுதியில், பொதுமக்கள் கவசம் வாங்கவேண்டா என்று அந்நாட்டின் தலைமை மருத்துவ அலுவலரே வேண்டுகோள் விடுத்தார். மருத்துவமனைகளுக்கே கவசம் போதவில்லை என்பது அதன் பின்னணி. ஏப்ரல் 3 ஆம் நாள், துணிக் கவசம் அணியுங்கள் என்று அரசின் நோய்த் தடுப்பு மையம் கூறியது. அதே நாளில், அதே மேடையில், நான் அணியப்போவதில்லை என்றார் குடியரசுத் தலைவர் டிரம்ப். அவர் பத்திரிகையாளர் முன் கவசத்தோடு தோன்ற ஜூலை 11 வரை ஆயிற்று. உலக சுகாதார நிறுவனமும் பொதுமக்களுக்குப் பரவலாகக் கவசத்தைப் பரிந்துரைத்தது ஜூன் 5 இல்தான்.

இவ்வளவு குழப்பத்தையும் யார் தீர்த்துவைக்கவேண்டும்? அங்காடி வாயிலில் நின்ற சிப்பந்தி! நேற்று வேண்டா என்றது, இன்று வேண்டும் என்று ஏன் ஆயிற்று என்பதை, பால் வாங்க வந்தவருக்கும் ரொட்டி வாங்க வந்தவருக்கும் அவர் விளக்கவேண்டும். மருத்துவரும் அமைச்சரும் விளக்கத் தவறியதை, மணிக்கூலி பெறுபவர் விளக்கவேண்டும்!

அந்தக் கூலியின் கதையைக் கேளுங்கள். அமெரிக்க நடுவண் அரசு வகுத்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009 முதல் அது அசையவே இல்லை. கொள்ளைநோயின் தொடக்கத்தில் சில பெருநிறுவனங்கள், உயிரைப் பணயம் வைத்து உழைக்கும் ஊழியர்களை ‘வீரர்கள்’ என்று போற்றி, மணிக்கு 2 டாலர் கூடுதலாக வழங்கின. க்ரோகர் என்னும் மளிகைப் பேரங்காடி நிறுவனமும் அவ்வாறு வழங்கியது. மே மாதத்திலேயே அந்தப் படி நிறுத்தப்பட்டது. நிறுத்திய இரு மாதங்களில், ஜூலையில், அதே நிறுவனம் வாடிக்கையாளர் அனைவரும் கவசம் அணியவேண்டும் என்று அறிவித்தது! கூடுதல் கூலி போயிற்று. கூடுதல் வேலை வந்தது. புகழ்மாலை வாடுவதற்குள் புதுச்சுமை ஏறியது. வால்மார்ட் நிறுவனமோ, ஜூலை 20 முதல் வாயிலில் நிற்கும் ஊழியருக்குக் கறுப்புச் சட்டை தந்து ‘சுகாதாரத் தூதர்’ என்று பெயர் சூட்டியது. தூதர் என்றால் அவருக்குப் பின்னே ஓர் அரசு இருக்கவேண்டும். கேடு நேர்ந்தால் கேட்க ஆள் இருக்கவேண்டும். இவருக்குப் பின்னே இருந்தது என்ன? தள்ளுவண்டிகளின் வரிசை!

இனி வாடிக்கையாளரைப் பற்றிப் பேசுவோம். அவர்கள் அனைவரும் முரடர்கள் என்று நாம் முத்திரை குத்தவில்லை. 2020 ஜூன் தொடக்கத்தில் அமெரிக்காவில் நடந்த கருத்துக்கணிப்பில், கடைகளுக்குச் செல்லும்போது பெரும்பாலும் கவசம் அணிகிறோம் என்றோர் 100 க்கு 65 பேர். ஆகஸ்டில் அது 85 ஆக உயர்ந்தது. இந்த 85 பேர் செய்தித்தாளில் இடம்பெறவில்லை. அணிந்தனர், வாங்கினர், சென்றனர். எஞ்சியவர்களில் ஒரு சிறு கூட்டம் கத்தியது. அது மட்டுமே உலகின் காதில் விழுந்தது.

மறுத்தவர்களிலும் வகைகள் உண்டு. உண்மையிலேயே அணிய இயலாதோர் உண்டு: மூச்சுத்திணறல் உடையோர், சில குறைபாடுகளுடன் பிறந்த குழந்தைகள். உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ளும் செவித்திறன் அற்றோர், எதிரில் நிற்பவரின் கவசத்தால் இடர்ப்பட்டனர். இவர்களுக்கு விலக்கும் இரக்கமும் காட்டவேண்டியது நியாயம். ஆனால், அந்த விலக்கின் நிழலில் ஒளிந்தோரும் உண்டு. அரசு முத்திரை பொறித்ததுபோல் போலி விலக்கு அட்டை அச்சடித்துக் கடைகளில் நீட்டினர் சிலர். அவை செல்லா என்று அமெரிக்க நீதித்துறையே 2020 ஜூனில் எச்சரிக்க நேர்ந்தது. உண்மையான நோயாளியையும் போலி அட்டைக்காரரையும் பிரித்தறியும் வேலையும் யார் தலையில் விழுந்தது? மீண்டும் அதே சிப்பந்தி! மருத்துவம் படிக்காத மருத்துவர், சட்டம் படிக்காத நீதிபதி, தடியில்லாத காவலர் ஆகிய மூன்று வேடங்களும் ஒருவருக்கே. கூலியோ விற்பனையாளர் கூலி!

வேறொரு வகையினர் உண்டு; அவர்களை உருவாக்கியது வாணிகமே. ‘வாடிக்கையாளரே தெய்வம்’ என்று பலகை மாட்டி, எத்தகைய ஏச்சையும் புன்னகையோடு ஏற்கவேண்டும் என்று ஊழியருக்குப் பயிற்சி தந்து வளர்த்தவர்கள் முதலாளிகள். தலைமுறை தலைமுறையாக ‘ஆகட்டும் ஐயா’ என்று மட்டுமே கேட்டுப் பழகிய செவி, ஒருநாள் ‘முடியாது ஐயா’ என்று கேட்டது. அதுவும் யாரிடமிருந்து? தான் நிமிர்ந்துகூடப் பாராத ஒருவரிடமிருந்து! அந்தச் சினத்தில் துணியின்மீதான வெறுப்பைவிட, ‘நீ யார் என்னைத் தடுக்க?’ என்னும் மேலாண்மைச் செருக்கே மிகுந்திருந்தது. தெய்வமாக்கி வளர்த்தவர்கள், தெய்வம் சீறியபோது பூசாரியை முன்னே தள்ளிவிட்டு உள்ளே ஒளிந்துகொண்டார்கள்.

அந்தச் சீற்றம் எங்கே முடிந்தது? 2020 மே முதல் நாள். உலகெங்கும் உழைப்பாளர் திருநாள். அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஃபிளிண்ட் நகரில், மலிவுவிலைக் கடை ஒன்றின் காவலர் சுட்டுக் கொல்லப்பட்டார். கவசம் அணிந்து வாருங்கள் என்று வாடிக்கையாளரிடம் கூறியதே அவர் செய்த குற்றம். மாநில ஆளுநரின் ஆணையை நிறைவேற்றினார், உயிரை இழந்தார். 2021 செப்டம்பர் 18 இல், ஜெர்மனியின் இடார் ஓபர்ஸ்டைன் என்னும் ஊரில், எரிபொருள் நிலையத்துக் கடையின் கல்லாவில் நின்ற 20 வயது மாணவர் ஒருவர், கவசமின்றிப் பீர் வாங்க வந்தவருக்கு விற்க மறுத்தார். போனவர் துப்பாக்கியோடு திரும்பி வந்து அவரைச் சுட்டுக் கொன்றார். பகுதிநேர வேலைக்கு வந்த பிள்ளை! 2022 செப்டம்பரில் கொலையாளிக்கு ஆயுள் தண்டனை விதித்தது நீதிமன்றம். அந்தப் பிள்ளையின் உயிரை எந்தத் தீர்ப்பு மீட்டுத் தரும்?

இத்தகைய மோதலுக்கு அஞ்சிய பெருநிறுவனங்கள் என்ன செய்தன? கவசம் மறுப்போரையும் தடுக்கவேண்டா, உள்ளே விட்டுவிடுங்கள் என்று அவற்றில் பல தம் ஊழியர்களுக்குச் சொல்லிவிட்டன. இங்கிலாந்தில் 2020 ஜூலை 24 முதல் கடைகளில் கவசம் கட்டாயம். மீறினால் 100 பவுன் தண்டம். ஆயினும், எங்கள் ஊழியர்கள் எவரையும் தடுக்கமாட்டார்கள் என்று பெரிய அங்காடிகள் சில முன்கூட்டியே அறிவித்தன. அடிதடியைத் தவிர்த்தது விவேகம்தான். ஆனால், அதன் விளைவு என்ன? காவல்துறை வராது, கடைக்காரர் கேளார். விதி அட்டையில் மட்டும் தொங்கும். நாள் முழுதும் கவசத்தோடு வேர்த்து நின்ற சிப்பந்தி, வெற்று முகங்களின் மூச்சை வாய்பேசாது வாங்கிக்கொள்வார். முன்பு சண்டைக்குத் தனியே அனுப்பப்பட்டவர், இப்போது நோய்க்குத் தனியே விடப்பட்டார்.

‘அப்படியானால் காவல்துறையை அனுப்பவேண்டியதுதானே?’ என்று கேட்கலாம். இந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டு மண்ணில் நின்று கேட்கும்போது நம் குரல் தழுதழுக்கும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் என்ன நடந்தது? கைப்பேசிக் கடை நடத்திய தந்தையும் மகனும், குறித்த நேரத்தைக் கடந்து கடை திறந்திருந்தனர் என்ற குற்றச்சாட்டில் காவல்நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கொடுந்தாக்குதலுக்கு ஆளாகி இருவருமே உயிரிழந்தனர். நோயிலிருந்து மக்களைக் காக்கப் பிறந்த விதி, மக்களைக் கொல்லும் கருவியாயிற்று. சான் பிரான்சிஸ்கோவின் துப்பாக்கியும் சாத்தான்குளத்தின் தடியும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன. ஆதரவற்ற சிப்பந்தியை முன்னே நிறுத்துவதும் தவறு. அடக்கமற்ற அதிகாரத்தை ஏவிவிடுவதும் தவறு.

பின் வழிதான் என்ன? வழி காட்டியது வளம்மிக்க நாடு எதுவும் அன்று. நம் அண்டை நாடான வங்கதேசம்! 2020 நவம்பரிலிருந்து 2021 ஏப்ரல் வரை அங்கே 600 கிராமங்களில், மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோரிடையே ஓர் ஆய்வு நடந்தது. பாதி ஊர்களில் வீடுவீடாகக் கவசம் இலவசமாக வழங்கப்பட்டது. ஏன் அணியவேண்டும் என்பது எடுத்துரைக்கப்பட்டது. ஊர்ப் பெரியவர்களும் சமயத் தலைவர்களும் தாமே அணிந்து காட்டினர். சந்தையிலும் பள்ளிவாசலிலும், அதற்கென அமர்த்தப்பட்டோர், அணியாமல் வருவோரைக் கனிவோடு நிறுத்தி நினைவூட்டிக் கவசம் தந்தனர். தண்டம் இல்லை, தடி இல்லை. ஒழுங்காக அணிவோர் மற்ற ஊர்களில் 100 க்கு 13 பேராக இருக்க, இந்த ஊர்களில் 42 ஆக உயர்ந்தனர். அறுவை மருத்துவத்துக்குப் பயன்படும் கவசம் வழங்கிய ஊர்களில், 60 வயது கடந்தோரிடையே, நோய்க்குறியோடு கூடிய தொற்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கைப்பேசிக் குறுஞ்செய்தி கூடுதல் பயன் தரவில்லை. ஊருக்குப் பரிசு அறிவித்ததும் கூடுதல் பயன் தரவில்லை. மனிதர் மனிதரை நேரில் கண்டு சொன்னதே பயன் தந்தது!

அங்கே சந்தைக்கடைக்காரர் காவலர் ஆக்கப்படவில்லை என்பதை உற்றுநோக்குக. நினைவூட்ட வேறு ஆள் இருந்தார்; கையில் கவசமும் இருந்தது. ‘இல்லை, போ’ என்று சொல்வதற்கும் ‘இந்தாருங்கள், அணிந்துகொள்ளுங்கள்’ என்று சொல்வதற்கும் உள்ள வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. முன்னது பகையை வளர்க்கிறது. பின்னது உறவை வளர்க்கிறது.

நம் மாநிலத்திலும் இந்த எண்ணம் எட்டிப்பார்க்காமல் இல்லை. 2020 ஜூலையில், குடும்ப அட்டையில் பெயர் உள்ளோருக்கு ஆளுக்கு இரண்டு துணிக் கவசம் நியாயவிலைக் கடைகள் வழியே வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. நல்ல தொடக்கம் அது. ஆனால், பொதுச் சுகாதாரச் சட்டத்தைத் திருத்திக் கவசமின்மைக்கு 200 ரூபாய் அபராதம் விதித்ததும் அதே ஆண்டில்தான். 2022 இல் அது 500 ஆயிற்று. நாட்கூலி பெறுபவருக்கு 500 ரூபாய் என்பது அடுப்பெரியாத ஒருநாள். மகிழுந்தில் வருபவருக்கு அது ஒரு வேளைச் சிற்றுண்டி. விதிமீறிய கடைகளுக்கு முத்திரையிட்டபோது, பொருள் முடங்கியது முதலாளிக்கு என்றால், வேலை முடங்கியது சிப்பந்திக்கு.

இந்தச் சிப்பந்தியின் நிலைதான் என்ன? நாள் முழுதும் நின்றே வேலைசெய்யும் அவருக்கு உட்கார ஓர் இருக்கை வேண்டும் என்பதைச் சட்டமாக்க, 1947 ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தை 2021 இல்தான் திருத்தினோம்! எழுபத்து நான்கு ஆண்டுகள் நாற்காலி கேட்டு நின்றவரிடம், 2020 இல் ஒரு சமுதாயத்தின் சுகாதாரக் காவலையே ஒப்படைத்தோம் என்றால், அந்த அநீதியை என்னென்பது!

ஸ்காட்லாந்து நாட்டுக் கடைத் தொழிலாளர்கள் வேறொரு பாதை காட்டினர். அவர்தம் தொழிற்சங்கம் நீண்டகாலம் நடத்திய இயக்கத்தின் பயனாக, 2021 ஜனவரியில் அந்நாட்டு நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. கடை ஊழியரைத் தாக்குவதும், மிரட்டுவதும், இழிவாக ஏசுவதும் தனிக் குற்றம் என்கிறது அச்சட்டம். மது, புகையிலை போன்றவற்றுக்குச் சட்டம் விதித்த வயது வரம்பை ஊழியர் காக்கும்போது தாக்கினால், அக்குற்றம் இன்னும் கொடியதாகக் கொள்ளப்படும். இதன் உட்பொருளை உணருங்கள். அரசின் விதியை ஊழியர் காக்கிறார் என்றால், அரசு அந்த ஊழியரைக் காக்கவேண்டும். இது சலுகை அன்று, கடன்.

தோழர்களே! கொள்ளைநோய் மீண்டும் வராது என்று எவரும் உறுதி கூற இயலாது. வரும் நாளில் கடைவாயிலில் மீண்டும் ஓர் அட்டை தொங்கும். அந்நாளில் விழித்துக்கொண்டு பயனில்லை. இன்றே நாம் கேட்கவேண்டியவை உள்ளன. விதியை அறிவிக்கும் அரசு, அன்றைக்கே கவசத்தையும் கடைவாயிலில் கொண்டுவந்து குவிக்கட்டும். வாயிலில் நின்று நினைவூட்டும் பணிக்குப் பயிற்சியும் ஊதியமும் பெற்ற தனி ஆட்களை உள்ளாட்சி மன்றங்கள் அமர்த்தட்டும். பொருள் விற்பவரைப் பொருள் விற்க விடட்டும். கூடுதல் இடர் ஏற்கும் ஊழியருக்கு, அந்த இடர் நீங்கும் நாள் வரை கூடுதல் ஊதியம் தரப்படட்டும், புகழ்மாலை வேண்டா. கடை ஊழியரைத் தாக்குவோரைத் தண்டிக்கத் தனிச் சட்டம் தமிழ்நாட்டிலும் வரட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆணையில் கையெழுத்திடுவோர் முதலில் தம் முகத்தில் அதனை அணியட்டும். மேடையில் மட்டுமன்று, திருமண வீட்டிலும், தேர்தல் ஊர்வலத்திலும்!

நமக்கும் கடமை உண்டு. தொழிற்சங்கத்தின் நிழல் படாத இடம் இந்த நாட்டில் கடைத்தெருதான். ஆலைத் தொழிலாளரைத் திரட்டிய நாம், ஆடைக்கடைப் பெண்ணைத் திரட்டினோமா? அவர் தனியே நின்றதால்தான் அவர்மீது எந்தச் சுமையையும் ஏற்ற முடிந்தது. அவர் அமைப்பாக நின்றிருந்தால், ‘ஆணை உங்களுடையது, வந்து நீங்களும் என் அருகே நில்லுங்கள்’ என்று அரசிடமும் முதலாளியிடமும் நிமிர்ந்து சொல்லியிருப்பார்.

கடைக்குப் போகும் ஒவ்வொருவரும் ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும். துணி மடிப்பைக் கலைத்துக் கலைத்து எடுத்துப் போடுபவரும், அரிசியை அளந்து கொட்டுபவரும், கல்லாவில் சில்லறை எண்ணித் தருபவரும் நம்மைத் தடுக்கவென்று அங்கே நிற்கவில்லை, பிழைக்க நிற்கிறார்கள். அவர்கள் வாயிலாக ஒரு விதி நம்மிடம் வரும்போது, அந்த விதியில் குறை கண்டால் அதை இயற்றியவரிடம் போய்க் கேட்போம், மனு கொடுப்போம், மன்றத்தில் முழங்குவோம், தேவையானால் தெருவிலும் இறங்குவோம். கடைவாயிலில் நிற்கும் அம்பின்மீது கை ஓங்கவேண்டா.

எய்தவரின் முகவரி நமக்குத் தெரியும்.